வினாக்கொத்து மட்டும் ஆராய்ச்சியாகுமா?

‘ஆராய்ச்சி’ என்னும் சொல் நம்மிடையே மலிந்துவிட்டது. பட்டத்துக்காக எழுதப்படுவன யாவும் அப் பெயரைச் சூடிக்கொள்கின்றன. ஊடகவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் பயில்வோர்க்கு ஆய்வு முறையியல் ஒரு பாடமாக விதிக்கப்பட்டுள்ளது. விதிக்கப்பட்டமையாற் போலும், பலர் அதனைத் தலைவிதியாகவே கருதிக் கற்கின்றனர். நாம் சொல்வதை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதற்கு நாமே கொடுக்கும் பிணையே முறையியல். இதனை வலியுறுத்துவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

நான் வாசிக்க நேர்ந்த ஆய்வேடுகள் பலவற்றில் முறையியல் அத்தியாயம் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கக் கண்டேன். அளவுசார் முறை இன்னது, பண்புசார் முறை இன்னது என வரைவிலக்கணங்கள் வரும். வினாக்கொத்து ஒன்று கைத்தொலைபேசி வழியே நண்பர்க்கும் உடன்பயில்வோர்க்கும் அனுப்பப்பட்ட செய்தி அடுத்து வரும். விடை தந்தோர் நூறு பேர், இருநூறு பேர் எனக் காட்டப்படும். பின்னர், ‘தமிழ் இளைஞர் பத்திரிகை வாசிப்பதில்லை’ என்பது போன்ற பெருமுடிபு வந்து நிற்கும். நண்பர் வட்டம் எவ்வாறு தமிழ் இளைஞர் சமுதாயமாயிற்று என்னும் வினாவுக்கு அங்கே விடை இராது.

தொகையைப் பெருக்கினால் இக் குறை தீரும் எனச் சிலர் வாதிடுவர். தீராது என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகை வரலாறே சான்று. 1936 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ‘லிற்றரரி டைஜெஸ்ற்’ என்னும் வாரச் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிய சஞ்சிகை, லாண்டன் என்பவரே வெல்வார் என அறிவித்தது. நடந்ததோ வேறு. 48 மாநிலங்களுள் 46 இல் றூஸ்வெல்ற் வென்றார். சமுதாயத்தின் பல பிரிவினரையும் கருதி, மிகச் சிறிய தொகையினரிடம் கருத்துக் கேட்ட ஜோர்ஜ் கலப் என்பார் அதனை முன்னரே சரியாகக் கூறியிருந்தார். சஞ்சிகையோ தன் முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் எடுத்தது. பொருளாதார மந்தம் வாட்டிய அக் காலத்தில் அவை உடையோர் யாவர்? மேலும், சீட்டுப் பெற்ற நால்வரில் மூவர் விடையே அனுப்பவில்லை. அவர் எண்ணமும் விடை தந்தோர் எண்ணமும் ஒன்றெனக் கொள்வது எங்ஙனம்? 1938 இல் அச் சஞ்சிகையே மறைந்தது. எவர், எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர் என்னும் வினா, எத்தனை பேர் என்னும் வினாவுக்கு முற்பட்டது.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஆராயப் புகுவோர்க்கு இப் பாடம் இன்னும் நெருக்கமானது. 1841 இல் யாழ்ப்பாணத்திலே ‘உதயதாரகை’ தோன்றிய காலந்தொட்டு ஈழத்துத் தமிழ் இதழியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஏடுகள் முழுமையாக நம்மிடம் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வீடுகளில் இருந்த சேகரிப்புகளைக் கறையானும் மழையும் போரும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து வருவது பெருந்தொண்டு. ஆயினும், எஞ்சியவை அனைத்தையும் கூட்டினாலும் அவை எழுதப்பட்டவற்றின் சரியான மாதிரியாகா. பெரிய நிறுவனத்தின் தாள்கள் ஓரளவு தப்பியிருக்கலாம்; சிற்றூரிலே சிலர் கைப்பொருளிட்டு நடத்திய இதழ் ஒரு பிரதியேனும் இன்றி மறைந்திருக்கலாம். கிடைத்தவற்றை மட்டும் எண்ணிவிட்டு, ‘அக் காலத்தவர் இதுபற்றி எழுதவே இல்லை’ என முடிவுகட்டுபவர், தொலைபேசிப் பட்டியலைக் கொண்டு நாட்டின் மனத்தை அளந்த சஞ்சிகையின் தவற்றையே செய்கின்றார். அத்தோடு, அழிந்த குரல்களை இரண்டாம் முறையும் அழிக்கின்றார்.

ஆகவே விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதம் வினாக்கொத்தை ஒதுக்கிவையுங்கள். ஒரு நாளிதழின் ஒரு மாதத் தாள்களை இரு மாணவரிடம் கொடுத்து, செய்திகளைத் தனித்தனியே வகைப்படுத்தச் சொல்லுங்கள். அரிசி விலையேற்றத்தைக் கண்டித்து நடந்த ஊர்வலம் அரசியற் செய்தியா, பொருளாதாரச் செய்தியா? ஒருவர் ஒன்றென்பார், மற்றவர் மறுப்பார். அவ்விடத்திலேதான் கல்வி தொடங்குகின்றது. வகைகளின் எல்லையைத் திருத்தி வரைந்து, மீண்டும் எண்ணி, இருவர் முடிபும் எவ்வளவுக்கு ஒத்துள்ளன எனக் கணக்கிடட்டும். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பது வெளிப்படையான பொருளைப் புறவயமாக, ஒழுங்காக, எண்ணி விபரித்தலே என்று 1952 இல் பேணாட் பெறல்சன் எழுதினார். எண்ணுவதனால் மட்டும் முழுமையின் பொருள் கைவராது என அக் காலத்திலேயே சீக்பிறீட் கிறாக்கவர் மறுத்தார். இவ் விவாதத்தை மனனஞ் செய்தோர் பரீட்சையோடு மறந்துவிடுவர். அரிசி ஊர்வலத்தின் முன் தடுமாறியோர் மறவார்.

தொழில் பார்த்துக்கொண்டே பயில்வோர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது எனக் கேட்கலாம். இடர் உண்மையே, தலைப்பைச் சுருக்குவதே அதற்குப் பரிகாரம். ‘தமிழ் ஊடகமும் சமுதாயமும்’ என விரிக்காது, ஒரு பத்திரிகையின் ஓராண்டு ஆசிரியத் தலையங்கங்களை எடுத்து ஆராயலாம். எவ் விதழ்கள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை, எவரிடம் கேட்டோம், எவரைக் கேட்கவில்லை என்பவற்றை மறைக்காது முன்னரே எழுதிவிடலாம். அத்தகைய சிற்றாய்வுகள் பத்துச் சேர்ந்தால், நம் இதழியல் வரலாற்றை எழுதப் புகும் பிற்காலத்தவர்க்கு உறுதியான அத்திவாரம் கிடைக்கும். நண்பர் வட்டத்து விழுக்காடுகளின் மேல் அவர் எதனைக் கட்டுவார்?