மின்கிதாருக்கு வன்மை வேண்டுமா?

இக்காலத்து இளைஞர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்து நிற்கும் இசைக்கருவிகளுள் மின்கிதாரும் ஒன்று என்பதை யாவரும் அறிவர். நம் கல்லூரியிலும் அதனைப் பயில்வார் உளர். பயிலாதாரும், மாணவர் விடுதியில் வாழ்வாராயின், அதன் ஒலியைக் கேளாதிருத்தல் அரிது. பயில்வார் கூடிப் பேசுமிடத்து அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. கருவியோடு வந்த பிக்கப்பைக் களைந்துவிட்டு, அதனினும் வன்மை மிக்கதொன்றைப் பொருத்துதல் நன்றோ என்பதே அது. நன்று என்பாரே பலர். வன்மை மிக்கது எதுவோ அதுவே சிறந்தது என்பது அவர் துணிபு. அத்துணிபு பொருந்தாது என்பது எம் கருத்து. மாணவர் பல திங்கள் சிறுகச் சேர்த்த பொருளை இதன்பொருட்டுச் செலவிடுகின்றனராதலின், இதனைச் சிறிது ஆராய்தல் வீண் அன்று.

முதற்கண், பிக்கப் என்பது யாது என அறியாதார் பொருட்டுச் சில கூறுவோம். மின்கிதாரின் எஃகுத் தந்திகளின் கீழே காந்தமும், மயிரினும் நுண்ணிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றியமைத்த சுருளும் உள்ளன. தந்தி அதிருங்கால் காந்தப்புலம் அசைகின்றது; அசையவே சுருளில் மின்னழுத்தம் தோன்றுகின்றது. இது மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட உண்மையின் பயனாகும். அச்சிறு மின்னழுத்தத்தை ஆம்ப்ளிபயர் பெருக்கி ஒலியாக்குகின்றது. எனவே பிக்கப்பைக் கிதாரின் செவி எனலாம். இரண்டு சுருள்களைத் தக்கவாறு இணைத்து, மின்சாரக் கம்பிகளால் நேரும் இரைச்சலைப் போக்கும் 'ஹம்பக்கர்' என்னும் வகையைக் கிப்ஸன் கம்பெனியைச் சார்ந்த ஸெத் லவர் அமைத்து, 1955-இல் அதற்குக் காப்புரிமை வேண்டினார். 1957 முதல் அது லெஸ்பால் கிதார்களில் இடம்பெற்றது. அக்காலத்து ஹம்பக்கரின் மின்தடை பெரும்பாலும் 7,500 ஓம் முதல் 9,000 ஓம் வரையில் இருந்தது.

இனி, 'ஹை அவுட்புட்' என விற்பனையாளர் கூறுவதும், யாம் ஈண்டு 'வன்பிக்கப்' என வழங்குவதுமாகிய வகை தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய வால்வு ஆம்ப்ளிபயர்கள் தெளிந்த ஒலியைத் தருதற்கென்றே அமைந்தவை. 'டிஸ்டார்ஷன்' எனப்படும் முறுகிய ஒலியை விரும்புவார், அவற்றைச் செவி பொறாத அளவு முழக்கினாலன்றி அதனைப் பெறுதல் அரிதாயிருந்தது. ஆம்ப்ளிபயரை மாற்ற இயலாதபோது அதனுட் புகும் மின்னழுத்தத்தை மிகுவித்தல் அறிவுடைய வழியே. 1972-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சார்ந்த லாரி டிமார்ஸியோ அவ்வாறே 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்னும் பிக்கப்பைச் செய்தளித்தார். 1976-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற ஸெய்மர் டங்கன் கம்பெனியார் 'ஜேபி', 'டிஸ்டார்ஷன்', 'இன்வேடர்' முதலியவற்றை வெளியிட்டனர். இவையே இன்றளவும் மிகுதியாகப் பேசப்படுவன.

இவற்றை ஒப்பிடுவார் முதலில் நோக்குவது மின்தடையின் எண்ணையே. சூப்பர் டிஸ்டார்ஷனுக்கு 13,700 ஓம், ஜேபிக்கு 16,400, டங்கன் டிஸ்டார்ஷனுக்கு 16,600, இன்வேடருக்கு 16,800. எண் பெரிதாயின் வன்மையும் பெரிது என்று கொண்டு, தேர்வு மதிப்பெண் பட்டியலைப் படிப்பார்போல இவற்றை வரிசைப்படுத்துகின்றனர். இது பிழைபட்ட அளவுகோல் என்பதற்கு மூன்று காரணங்கள் உள.

ஒன்று: சுற்றின் தொகை மாறாதிருக்கவும், கம்பி மெலிந்த மாத்திரத்தானே மின்தடை உயரும். 42-ஆம் எண் கம்பிக்கு மாறாக 43-ஆம் எண் கம்பியைக் கொண்டு அதே நீளம் சுற்றின், மின்தடை ஏறத்தாழக் கால்பங்கு கூடும்; வன்மையோ அவ்வளவு கூடாது. இரண்டு: காந்தத்தின் இயல்பை ஓம் கணக்குக் காட்டாது. ஜேபியும் டங்கன் டிஸ்டார்ஷனும் எண்ணளவில் இரட்டைப் பிள்ளைகள் போல்வன. ஆயினும் முன்னது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தமும், பின்னது செராமிக் காந்தமும் உடையன. முன்னதன் ஒலி நடுவில் திரண்டு பாடும். பின்னதன் ஒலி இறுகிக் கூர்மையுற்று நிற்கும். மூன்று: செம்பின் மின்தடை வெப்பத்தால் மாறும். 20 பாகை வெப்பத்தில் 16,400 ஓம் காட்டும் சுருள், 30 பாகையில் ஏறத்தாழ 17,000 ஓம் காட்டும். காலையில் அளந்த பிக்கப் நண்பகலில் வன்மை பெற்றுவிட்டது என எவரேனும் கூறுவரோ? இ.எம்.ஜி. 81 என்னும் பிக்கப்போ, சிறு மின்பெருக்கி ஒன்றைத் தன்னுள்ளே கொண்டு 9 வோல்ட் பாட்டரியால் இயங்குவது. அதன் வன்மையை ஓம் கணக்கால் அறிதற்கே வழியில்லை.

எண் பிழைபடினும் வன்மை நன்றன்றோ என்று வினவலாம். வன்மை விலையின்றி வருவதன்று என்பதே எம் விடை. சுருளின் சுற்றுகள் பெருகப் பெருக, ஒலியின் உயர்ந்த கூறுகள் அடங்கி, நடுக்கூறுகள் மேலோங்கும். இது மின்னியலின் விதி. எந்தக் கம்பெனியாலும் முழுதும் விலக்கலாகாதது. அஃதன்றியும், வன்பிக்கப் ஆம்ப்ளிபயரை எப்பொழுதும் அதன் எல்லைக்குத் தள்ளி நிற்றலின், விரல் மெல்லெனத் தீண்டியதும் வல்லென அடித்ததும் ஒருதன்மையாகவே ஒலிக்கும். மென்மைக்கும் வன்மைக்கும் இடைப்பட்ட படிகள் எத்துணையோ உள. அப்படிகளில் ஏறியிறங்குதலன்றோ இசைப்போன் திறம்! உரத்துப் பேசுதலையே வழக்கமாகக் கொண்டான் ஒருவன், சினந்தபோது தன் சினத்தை எவ்வாறு புலப்படுத்துவான்?

வால்யூம் குமிழைச் சிறிது குறைத்துக்கொண்டாற் போதாதோ என்பாரும் உளர். குறைக்கலாம், ஆயின் குறைக்குந்தோறும் முன்னரே அடங்கிய உயர்கூறுகள் பின்னும் மங்கும். சிறு மின்தேக்கி ஒன்றை அக்குமிழோடு இணைத்து இதனை ஓரளவு திருத்தலாமேனும், மென்மையான பிக்கப்பில் இயல்பாகவே பெறுவதை வன்பிக்கப்பில் மருந்து கொடுத்துப் பெறவேண்டியதாகின்றது.

பெருமுழக்கம் வேண்டுவார்க்கு வன்பிக்கப் இன்றியமையாதது என்னும் கூற்றையும் வரலாறு மறுக்கின்றது. 1970-இல் பிளாக் ஸாபத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, டோனி ஐயோமி தம் கிப்ஸன் கிதாரில் பயன்கொண்டது பி-90 என்னும் ஒற்றைச்சுருள் பிக்கப்பே. அதற்கு வேண்டிய உந்துதலை ரேஞ்ஜ்மாஸ்டர் என்னும் சிறு பெட்டி அளித்தது. 1978-இல் வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டால் கிதார் உலகையே திகைக்கச் செய்த எட்டி வான் ஹேலன், தம்மிடமிருந்த கிப்ஸன் கிதார் ஒன்றினின்று கழற்றிய ஹம்பக்கரையே தம் கருவியிற் பொருத்தியிருந்தார். முழக்கத்தைத் தந்தது மார்ஷல் ஆம்ப்ளிபயர். மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 1970-களில் வன்பிக்கப் பொருத்தும் ஆர்வத்தால், பலர் தம் பழைய கிதார்களினின்றும் ஸெத் லவரின் ஹம்பக்கர்களைக் கழற்றி எறிந்தனர். அவ்வாறு கழித்தவற்றையே இன்று பெரும்பொருள் கொடுத்துத் தேடுகின்றனர்.

இவ்வாறு கூறுதலால் வன்பிக்கப் யாவும் தீயன என்பது எம் கருத்தன்று. விரைந்த தாளத்தில் உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் மெட்டல் இசைக்கு இறுகிய ஒலியும் இரைச்சலின்மையும் வேண்டும். மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்பீல்ட் இ.எம்.ஜி. 81-ஐப் பல்லாண்டு கையாண்டது தக்கதே. மெலிந்த ஒலியுடைய கிதாருக்கு ஜேபி போன்றது தசை கொடுக்கும். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் தனித்து இயக்க விழைவார்க்கும் வன்பிக்கப் நலம் பயக்கும். பாதியாய்க் குறைந்தும் அதன் ஒலி நலிவதில்லை. தன் இசைக்கு யாது வேண்டும் என்பதை அறிந்து அதனைத் தேர்வானை யாம் குறைகூறோம். யாது வேண்டும் என அறியாமலே, பெரிய எண்ணைக் கண்டு பொருளை இழப்பானைக் கண்டே இரங்குகின்றோம்.

இன்று கிடைக்கும் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் டிஸ்டார்ஷன் வேண்டிய மட்டும் உள்ளேயே அமைந்துள்ளது. 1972-இல் இருந்த குறை இன்று இல்லை. குறை தீர்ந்த பின்னும் மருந்தை மட்டும் விடாது உண்ணுதல் முறையாகாது. ஆதலின், பிக்கப்பை மாற்றக் கருதும் நண்பர் முதலில் ஒரு திருகாணிமுடுக்கியை எடுத்து, பிக்கப்பின் இருபுறத்துள்ள ஆணிகளைத் திருகி, அதனைத் தந்திக்குச் சிறிது அணுக்கமாகவும் சிறிது சேய்மையாகவும் வைத்துக் கேட்க. அணுகின் ஒலி வலுக்கும், அகலின் தெளியும். புதிய தந்திகளைக் கட்டுக. ஆம்ப்ளிபயரின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பயன் அறிக. இவற்றுக்கு ஆகும் செலவு தந்தியின் விலை ஒன்றே. இத்தனையும் செய்த பின்னரும் குறை உண்டாயின், அக்குறையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்க. 'வன்மை போதாது' என்பதன்றி வேறொன்றும் அத்தாளில் எழுத இயலாதாயின், இன்னும் சில நாள் பொறுத்திருத்தலே நலம்.