அடுத்த வீட்டுப் பாகப்பிரிவினைக்கு அரிவாளோடு போகிறவர்கள்

அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் பக்கத்துத் தெருக்காரன் அரிவாளோடு நுழைந்தால் ஊர் சும்மா இருக்குமா? "உனக்கு இங்கே என்னய்யா வேலை?" என்று கேட்காதா? அதையே ஒருவன் கடல் தாண்டிப் போய்ச் செய்தால் மட்டும் 'சர்வதேசப் போராளி' என்று பட்டம் கொடுத்துவிடுகிறார்கள்!

கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதியை எடுத்துக் கொள்வோம். 2014 ஏப்ரலில் அங்கே டொனெட்ஸ்க், லுகான்ஸ்க் என்று இரண்டு 'மக்கள் குடியரசுகள்' அறிவிக்கப்பட்டன. ஸ்பெயின், செர்பியா, பிரேசில், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் போய்த் துப்பாக்கி தூக்கினார்கள். பாசிசத்தை ஒழிக்கிறோம் என்று கம்யூனிஸ்டுகள் போனார்கள். அதே அணிக்குத் தீவிர வலதுசாரிகளும் போனார்கள். இதில் கொள்கை எங்கே இருக்கிறது?

சரி, அந்த ஊர்க்காரர்களாவது தலைமை தாங்கினார்களா? டொனெட்ஸ்கின் முதல் 'பிரதமர்' அலெக்சாண்டர் பொரொடாய், மாஸ்கோக்காரர். 'பாதுகாப்பு அமைச்சர்' இகோர் கிர்கின், ரஷ்ய உளவுத்துறையில் இருந்தவர். போரின் விசையை இழுத்ததே தான்தான் என்று 2014 நவம்பரில் ஒரு ரஷ்யப் பத்திரிகைக்குப் பெருமையாகப் பேட்டி கொடுத்தார். பிரிந்து போவது அந்த மண்ணின் மக்கள் விருப்பம் என்றால், விசையை இழுக்க வெளியூர்க்காரர் எதற்கு?

ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கும் உலகமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்களே என்று சிலர் வாதாடுவார்கள். அவர்கள் போனது, தேர்தலில் வென்ற அரசைக் காப்பாற்ற. நாட்டை இரண்டாக வெட்ட அல்ல. 1938-ல் அந்த அரசே அவர்களைத் திருப்பி அனுப்பியது. உக்ரைன் பக்கமும் வெளிநாட்டினர் போனார்களே என்பார்கள். உண்மைதான். 2014-ல் அங்கே தனிப் படைகளில் சேர்ந்தவர்களையும் "உனக்கு என்ன வேலை?" என்று கேட்கத்தான் வேண்டும்.

லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கியவனுக்கு, போட்ட பணத்தோடு நஷ்டம் முடிந்தது. வெளிநாட்டுப் போராளியும் அப்படித்தான். சலித்துவிட்டால் ஊர் திரும்பலாம். ஸ்பெயின் 2015 பிப்ரவரியில் எட்டுப் பேரைக் கைது செய்தது. ஆனால் அவர்கள் கைதானது சொந்த நாட்டில். டான்பாஸ்காரனுக்கோ எல்லையில்லாத பொறுப்பு. வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு எல்லாமே அவன் கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது. 2014 முதல் 2021 வரை 14,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. அதில் குறைந்தது 3,400 பேர் பொதுமக்கள். இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 15 லட்சம்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? 2022 செப்டம்பரில் ரஷ்யா இரண்டு 'குடியரசு'களையும் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. தனி நாடு என்ற பேச்சே போய்விட்டது! டெக்சாஸிலிருந்து போய் அந்தப் படையில் சேர்ந்த ரஸ்ஸல் பென்ட்லி, 2024 ஏப்ரலில் டொனெட்ஸ்கிலேயே காணாமல் போய் இறந்தார். சித்திரவதை செய்து கொன்றதாக ரஷ்யப் புலனாய்வுக் குழு குற்றம் சாட்டியது ரஷ்யச் சிப்பாய்கள் மேலேயே. யாருக்காகப் போனாரோ அவர்கள் கையாலேயே!

அடுத்தவர் துயரத்தில் பங்கு கொள்ள வழியா இல்லை? மருந்து கொண்டு போகலாம், அகதிக்கு வீடு தரலாம், உண்மையை எழுதலாம். இதற்கெல்லாம் வீரப் பட்டம் கிடைக்காது. ஆனால் இதனால் யார் வீடும் இடியாது.

துப்பாக்கியோடு விமானம் ஏறத் துடிக்கும் ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் யோசிக்கட்டும்... இந்தச் சண்டை தோற்றால், அந்த ஊர்க்காரனோடு சேர்ந்து அங்கேயே கிடந்து அனுபவிக்கத் தயாரா? இல்லையென்றால் அந்தப் பாகப்பிரிவினையில் கை வைக்க உங்களுக்கு என்ன உரிமை?