நீக்கச் சொல்லும் முன் திரும்ப வாசியுங்கள்: பேய்க்கதை நாவல்கள் குறித்து மம்சாபுரம் வாசகர்களின் நிலைப்பாடு

பதின்வயதுப் பிள்ளைகளிடம் பேய்க்கதை நாவல்களைக் கொடுக்கலாமா, கூடாதா? மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள் நாங்கள். மம்சாபுரத்துப் பிள்ளைகள் எடுத்துப்போய் வாசிக்க ஓர் அலமாரியும் வைத்திருக்கிறோம். இந்தக் கேள்வி எங்களிடம் வந்து இரண்டு கூட்டங்களைத் தின்றுவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதிமூன்று வயது தாண்டிய பிள்ளைகளிடமிருந்து இந்த நாவல்களை ஒளித்துவைக்க மாட்டோம். ஏதாவது ஒன்றை எடுத்துவிடச் சொல்லி யார் வந்தாலும், அவரும் நாங்களும் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த பிறகுதான் அந்தப் பேச்சு.

கேள்வியைக் கொண்டுவந்தவர் ஒரு தாய். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகள் எங்கள் அலமாரியிலிருந்து இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை எடுத்துப்போயிருக்கிறாள். “அக்கா, ரெண்டு நாளா இருட்டுனா கொல்லப்பக்கம் தனியாப் போக மாட்டேங்குறா. கூடவே நான் போய் நிக்கணும். இந்த மாதிரிப் புத்தகத்த எல்லாம் எடுத்து உள்ள வச்சுருங்க” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களில் பாதிப் பேர் அதே வயதில் அதே கதைக்குப் பயந்தவர்கள். 1990களின் கடைசியில் நாகா இயக்கத்தில் ‘மர்ம தேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ என்று சன் டிவியில் அது வந்தபோது, தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் கூட்டம் நிற்கும். முடிந்ததும் வீட்டுக்கு ஓட்டம்தான். ஒருவர் நாவலைச் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து வாசித்து, கடைசி அத்தியாயத்துக்கு முன்பே அப்பாவிடம் மாட்டிக்கொண்டு, முடிவு தெரியாமலே பல வருஷம் இருந்தார். ஆசிரியர் 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில் காலமானபோது அதைத் திரும்ப எடுத்து வாசிப்பதாகப் பேசிக்கொண்டோம். அப்படியே தள்ளிப்போனது. இந்தத் தாய் வந்த பிறகுதான் உட்கார்ந்து வாசித்தோம்.

கதையின் அடித்தளம் தெரிந்ததுதான். ஒரு கிராமம். அதற்குக் காவல் கருப்பு. தப்புச் செய்தவனை வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. சாவுகள் விழுகின்றன. யார் அந்தக் கருப்பு என்று தேடிப்போனால் பிளவுபட்டுப்போன ஒரு மனித மனத்தில் போய் முட்டுகிறோம். அப்போதும் தெய்வம் இல்லை என்று கதை கதவைச் சாத்துவதில்லை.

பதினான்கு வயதில் எங்களைத் தூங்கவிடாதது குதிரைக் குளம்புச் சத்தம். இப்போது அந்த இடங்களைச் சாதாரணமாகக் கடந்துவிட்டோம். எங்களை நிறுத்தியது வேறொன்று. சின்ன வயதில் ஏதோ ஒன்று உள்ளே உடைந்துபோன ஒரு மனிதன் ஊருக்கு நடுவிலேயே நடமாடுகிறான், அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அந்த ஊரில் யாருக்கும் சொல் இல்லை. எல்லாக் கேள்விக்கும் ‘சாமி’ என்ற ஒரே பதில் தயாராக இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “எங்க சித்தப்பாவையும் இப்படித்தான் கோயில் கோயிலாக் கூட்டிட்டு அலைஞ்சோம்” என்றார். அன்றைக்கு அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 1985 வரை நம் ஊரும் அந்த ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ‘விடாது கருப்பு’ பார்த்துப் பயந்த பிள்ளைகள், அது முடிந்து சில வருஷங்களுக்குள் இந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆள் வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை. புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் அவர்களோடு பேசக் கிடைத்த வாய்ப்பையும் சேர்த்தல்லவா பூட்டுகிறோம்?

பயமுறுத்தும் புத்தகங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. அமெரிக்கத் திகில் காமிக்ஸ் பரவியதைக் கண்டு பிரிட்டன் 1955ல் ஒரு சட்டம் போட்டது. மறு வருஷமே இந்தியாவும் இளையோருக்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. வன்முறை, கொடூரம், அருவருப்பும் பயங்கரமுமான சம்பவங்களைச் சொல்லி 20 வயதுக்கு உட்பட்டவர்களைக் கெடுக்கக்கூடிய கதைகள், படத்தோடு இருந்தாலும் படமில்லாமல் இருந்தாலும், அதற்குள் வரும். 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் ஆல்வின் ஷ்வார்ட்ஸின் சிறுவர் பேய்க்கதைத் தொகுப்புகளுக்குத்தான். நம் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1986ல் ‘திகில்’ என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ் வந்து, அதைக் கைமாற்றி வாசித்த தலைமுறை இன்று பேரப்பிள்ளை எடுக்கிற வயதை நெருங்குகிறது. 1956ஆம் வருஷச் சட்டத்தில் எங்களுக்கு உடன்பாடான ஒன்று உண்டு. ஒரு வெளியீட்டை முழுதாகப் பார்த்துத்தான் கெடுக்குமா என்று சொல்ல வேண்டும் என்கிறது அது. அட்டையில் ரத்தம் சொட்டுகிறது, தலைப்பில் பேய் இருக்கிறது என்பதெல்லாம் போதாது. அதே அளவுகோலைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

கருப்பசாமி கோயில் பொங்கலுக்கு இந்தப் பிள்ளைகள்தான் ராத்திரி முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அருவாள் மேல் சாமியாடி ஏறுவதைப் பார்க்கிறார்கள். கிடா வெட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளையை மடியில் இழுத்து அணைத்துக்கொள்கிறோம், வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. பக்கத்தில் பெரியவர்கள் இருப்பதால் அந்தப் பயத்தை அவர்களால் தாங்க முடிகிறது. புத்தகம் வாசிக்கிற பிள்ளை மட்டும் ஏன் போர்வைக்குள் தனியாகப் பயப்பட வேண்டும்?

இந்த நாவல்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ‘விட்டுவிடு கருப்பா’ எங்களுக்குப் பிடித்த புத்தகம்தான், அதிலேயே எங்களுக்கு ஒரு வருத்தமும் இருக்கிறது. மனம் பிளவுபட்டவன் கொல்லுவான் என்ற எண்ணம் வாசிப்பவர் மனதில் தங்கிவிட வழி இருக்கிறது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடிபடுவதும் கட்டிவைக்கப்படுவதும் அவர்கள்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுப்பது தவறு. இதுவரை நாங்களும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். இனி மாட்டோம். பெண்ணைச் சித்திரவதை செய்வதையே சுவையாக எழுதும் மலிவான நாவல்கள் சில நன்கொடையாக எங்களுக்கு வந்தன. இரண்டு பேர் முழுதாக வாசித்த பிறகு அவற்றை அலமாரியில் வைக்கவில்லை. அந்த முடிவையும் பெற்றோர் வந்து கேள்வி கேட்கலாம்.

இனி எங்கள் அலமாரியிலிருந்து ஒரு பிள்ளை பேய்க்கதை எடுத்தால், அதை வாசித்திருக்கிற பெரியவர் ஒருவரின் பெயரை உள்ளட்டையில் எழுதித் தருவோம். பயமோ சந்தேகமோ வந்தால் அவரிடம் போய்ப் பேசலாம். மனம் சரியில்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம் என்பதையும் அதற்குக் கீழே எழுதுகிறோம். சுற்றுவட்டாரப் பள்ளிகளையும் கிளை நூலகங்களையும் நாங்கள் கேட்பது, இந்த நாவல்களைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள் என்பதைத்தான். பெற்றோரிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் சிரமமானது. நீங்கள் பதினைந்து வயதில் பயந்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து, இந்த வயதில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் அன்று பயந்தீர்கள், எந்தப் பக்கத்தில் இன்று நின்றீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நாவலை முடித்துத் திருப்பித் தந்துவிட்டாள். இப்போது அது அலமாரியில் இல்லை. அவள் அம்மா கேட்டு வாங்கிப்போயிருக்கிறார், பாதி வரை வந்திருப்பதாகச் சொன்னார். அடுத்து அதைக் கேட்டு இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.