கார் ஓட்டினவருக்குச் சேர் பட்டமா?



சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் நின்று தேநீர் குடிக்கும் தகப்பன்மாரில் நானும் ஒருவன். அங்கே பேசப்படாத விடயம் கிடையாது. விசா, வீட்டு வாடகை, ஊர்க் காணி, ஓயாத மழை. போன கிழமை கதை மோட்டார் பந்தயத்துக்குத் திரும்பியது. ஒரு பெடியன் சிவப்புத் தொப்பியொன்று போட்டு வந்திருந்தான். அதிலிருந்த 44 என்ற இலக்கத்தைத் தொட்டுக்காட்டி, "இது சேர் லூயிஸ் ஹமில்ரன்ரை நம்பர், மாமா" என்றான்.

"சேரோ?" என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம், மினிகாப் ஓட்டுகிறார். "கார் ஓட்டினதுக்கே சேர் பட்டம் குடுக்கிறாங்கள்? நானும்தான் இரவு பகலா ஓட்டுறன். எனக்குப் பார்க்கிங் ரிக்கற்தானே அண்ணை வந்தது!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

'சேர்' என்றவுடன் எங்கள் மனதில் வருபவர்கள் சேர் பொன். இராமநாதனும் சேர் பொன். அருணாசலமும்தான். சட்டம் படித்தவர்கள், சட்டசபையில் பேசியவர்கள், பாடசாலை கட்டியவர்கள். அந்த வரிசையில் தலைக்கவசம் போட்ட பந்தயச் சாரதி ஒருவரை வைத்துப் பார்க்க எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் கடினம்தான்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். பிரித்தானியாவில் ஆண்டுக்கு இரண்டு தடவை, புத்தாண்டிலும் ஜூன் மாதம் மன்னரின் உத்தியோகபூர்வ பிறந்தநாளிலும், கௌரவப் பட்டியல் வெளிவரும். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். எம்.பி.ஈ., அதற்கு மேல் ஓ.பி.ஈ., அதற்கும் மேல் சி.பி.ஈ. என்று படிகள் உண்டு. அதையும் தாண்டினால் ஆண்களுக்குச் சேர், பெண்களுக்கு டேம். பத்திரிகைகள் நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும்தான் முதற் பக்கத்தில் போடும். மற்றப்படி பட்டியலில் பெரும்பாலானவர்கள் தாதிமார், தொண்டர்கள், பாடசாலைப் பணியாளர் போன்ற சாதாரண சனம்.

போர்முலா வன் சாரதிகளில் 'சேர்' ஆனவர்கள் நால்வர்: அவுஸ்திரேலியரான ஜாக் பிரபம், ஸ்ரேர்லிங் மொஸ், ஜாக்கி ஸ்ருவேட், லூயிஸ் ஹமில்ரன். இந்த நால்வரில் மொஸ் ஒரு தடவைகூட உலகச் சம்பியன் ஆகவில்லை. 1955 முதல் 1958 வரை நான்கு வருடமும் இரண்டாமிடம்தான்.

அந்த 1958 கதையை என் மகனுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். போர்த்துக்கல் பந்தயத்தில் மைக் ஹோதோர்னின் கார் சுழன்று நின்றுவிட்டது. அதை மறுபடி கிளப்ப அவர் எதிர்த்திசையில் ஓட்டினார் என்று நடுவர்கள் அவரை நீக்கப் பார்த்தார்கள். அப்போது அவருக்காகச் சாட்சி சொல்லப் போனவர், சம்பியன் பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த மொஸ். ஹோதோர்ன் ஓட்டியது பாதையில் அல்ல, ஓரத்து நடைபாதையில்தான் என்றார். ஹோதோர்னுக்கு இரண்டாமிடப் புள்ளிகள் மிஞ்சின. வருட முடிவில் மொஸ் நான்கு பந்தயங்களில் வென்றிருந்தார், ஹோதோர்ன் ஒன்றில் மட்டும். ஆனாலும் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் சம்பியன் ஆனவர் ஹோதோர்ன். பிரித்தானியாவின் முதல் உலகச் சம்பியன் அவர்தான். பாவம், சில மாதங்களிலேயே, 1959 ஜனவரியில், சாதாரண வீதியில் நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். மொஸ்ஸுக்கு 2000ஆம் ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. வாய் மூடியிருந்தால் சம்பியன் ஆகியிருக்கக்கூடிய மனிதர். அவருக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்ருவேட்டின் கதை வேறு. அவர் மூன்று தடவை சம்பியன். 1966இல் பெல்ஜியத்தில் மழையில் அவரது கார் பாதையை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. உடம்பெல்லாம் பெற்றோல் நனைந்தபடி ஏறக்குறைய 25 நிமிடம் உள்ளே அகப்பட்டுக் கிடந்தார். அவரை வெளியே எடுத்தவர்கள் மற்றச் சாரதிகள். அதற்கான ஆயுதத்தைப் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். அதன் பிறகுதான் அவர் இருக்கைப் பட்டி, பாதுகாப்பு வேலி, பந்தயத் திடலில் நல்ல வைத்தியர் என்று போராடத் தொடங்கினார். பயந்தவன் என்று ஏளனம் செய்தார்கள். அவர் விடவில்லை. 1973இல் தன்னோடு ஒரே அணியில் ஓடிய பிரான்சுவா செவேர் பயிற்சியோட்டத்தில் இறந்தபோது, தனது நூறாவது பந்தயத்தை ஓடாமலே விலகிக்கொண்டார். 2001இல் அவரும் சேர் ஆனார்.

சரி, ஹமில்ரன்? இங்கேதான் தேநீர்க் கோப்பைகள் கீழே வைக்கப்பட்டன.

"ஏழு தரம் சம்பியன், மாமா" என்றான் பெடியன். அது உண்மை: 2008, 2014, 2015, பிறகு 2017 முதல் 2020 வரை. "அவர் இருக்கிறது மொனாக்கோவில. இங்கை வரி கட்டுறது நாங்கள்" என்றார் எங்கள் மினிகாப்காரர். அதிலும் உண்மை உண்டு. அந்த வரிக் கேள்வி அந்த நாளில் பத்திரிகைகளிலும் அடிபட்டதுதான். 2021 புத்தாண்டுப் பட்டியலில் அவரது பெயர் வெளிநாட்டில் வாழ்வோருக்கான பகுதியில்தான் வந்தது. அந்த வருடம் டிசம்பர் 12ஆம் திகதி அபுதாபியில் கடைசிச் சுற்றில் எட்டாவது பட்டத்தை இழந்தார். மூன்று நாள் கழித்து வின்சர் கோட்டையில், அப்போது இளவரசராக இருந்த சார்ள்ஸின் கையால் சேர் பட்டம் பெற்றார்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் வென்றதற்குக் கிண்ணம் இருக்கிறது, பணம் இருக்கிறது. அதற்கு மேல் நாடு ஏன் கொடுக்க வேண்டும்? வென்றதால் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஹமில்ரனின் கணக்கு மோசமில்லை. பேரனார் கிரனாடாவிலிருந்து வந்த குடியேறி. தகப்பனார் ஒரே நேரத்தில் பல வேலை பார்த்து மகனின் பந்தயச் செலவுக்குக் காசு சேர்த்தவர். ஸ்ரீவனேஜ் நகரசபை வீட்டிலிருந்து புறப்பட்ட அந்தப் பிள்ளைதான் போர்முலா வன்னில் ஓடிய முதல் கறுப்பினச் சாரதி. தன்னோடு அந்த வாசல் மூடிவிடக் கூடாது என்று, பந்தயப் பொறியியலில் கறுப்பினத்தவர் ஏன் இவ்வளவு குறைவு என்று ஆராய ஒரு குழு அமைத்து 2021இல் அறிக்கை வெளியிட்டார். இளையோருக்கான நிதியத்துக்குச் சொந்தப் பணத்தில் இரண்டு கோடி பவுண் ஒதுக்கினார். வரி விடயத்தில் எனக்கும் மனக்குறைதான். ஆனாலும் கொடுத்தது சரி என்பேன்.

பிழை நடந்த இடம் வேறு. ஜோன் சேர்ரீஸ் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகச் சம்பியனான ஒரே மனிதர். 2009இல் பதினெட்டு வயது மகனைப் பந்தயத்தில் பறிகொடுத்து, அந்தப் பிள்ளையின் பெயரில் அறநிதியம் தொடங்கி, விபத்தில் அகப்பட்டவர்களுக்கு உதவினார். சி.பி.ஈ.யோடு நிறுத்திவிட்டார்கள். 2017இல் காலமானார். இறந்த பிறகு சேர் பட்டம் கொடுப்பதில்லை.

இந்தியாவையும் சொல்லவேண்டும். கோயம்புத்தூர்த் தமிழர் நரேன் கார்த்திகேயன் சம்பியன் ஆனவரல்ல. 2005இல் போர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர். 2010இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதல் ஆளாக வாசலைத் திறந்ததற்கு அது பொருத்தம்தான்.

இந்தப் பதக்கங்களுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு, பலருக்குத் தெரியாது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் 1986இல் அகதியாக லண்டன் வந்தவர். 2019இல் அவருக்கு எம்.பி.ஈ. அறிவிக்கப்பட்டபோது, தன் தாயாரும் மைத்துனியும் முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பதக்கங்களைக் கையால் தைத்தவர்கள் என்று சொன்னார். குறைந்த சம்பளத்துக்கு ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார்கள்! சம்பியன்மாரின் நெஞ்சில் ஏறிய பதக்கம் ஏதும் அந்தக் கைகளால் போனதோ, யார் கண்டார்?

இதை அடுத்த சனிக்கிழமை சொன்னபோது மினிகாப்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட ரீச்சருக்கு ஆர் குடுக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரை. பல வருடமாகச் சம்பளமில்லாமல் படிப்பிக்கிறார். மண்டபத் திறப்பு அவரிடம்தான். கதிரை அடுக்குவதும் அவர்தான்.

விசாரித்துப் பார்த்தேன். எவரும் எவரையும் பரிந்துரைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அமைச்சரவை அலுவலகத்தின் படிவத்தை நிரப்பி, அவரை நன்கு அறிந்த இருவரின் ஆதரவுக் கடிதங்களையும் இணைக்க வேண்டும். என்ன பதவியில் இருந்தார் என்று எழுதினால் போதாது. அவரால் என்ன மாறியது என்று எழுத வேண்டும். வரித் திணைக்களத்திலும் விசாரிப்பார்கள். முடிவு தெரிய ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகலாம். முக்கியமாக, பரிந்துரைத்த விடயத்தை அவரிடம் சொல்லக் கூடாது.

ஆகவே ஆசிரியையின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. ஊகிக்கக் கூடியவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரிடம் வாய்விட்டுவிடாதீர்கள். ஒரு கடிதத்தை மினிகாப்காரர் தமிழில் எழுதித் தந்துவிட்டார். தொப்பி போட்ட பெடியன் அதை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறான். மற்றக் கடிதத்துக்கு அந்த ஆசிரியையிடம் படித்த பழைய மாணவர் ஒருவரைத் தேடுகிறோம்.