ஐந்தில் இரண்டு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் ஊர் நடுநிலைப் பள்ளி வாசல்களில் ஒரு பிளெக்ஸ் தட்டி தொங்கும். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில், எல்லோர் வாயிலும் என்.எம்.எம்.எஸ். என்று வழங்கும் தேர்வில், வென்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள் அதில் இருக்கும். நல்ல தட்டிதான். வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. கூலிக்குப் போகும் வீட்டில், பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் நாளில், அந்தப் பணம் குறுக்கே நிற்கும். மாலையில் வீட்டுக்குப் போகாமல் இருந்து இதற்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

நம் கேள்வி தட்டியில் இல்லாதவர்களைப் பற்றியது. படத்தில் மூன்று பேர் என்றால் வகுப்பில் மிச்சம் இருபது முப்பது பேர். ஆறாம் வகுப்பில் நுழைந்து எட்டாம் வகுப்பை முடித்து வெளியேறிய அந்த மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குள் என்ன நடந்தது? இதை ஊருக்குச் சொல்லப் பள்ளியிடம் மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டியலோ ஒரு நாளின் கதையை மட்டுமே சொல்லும்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு என்றால் ஜூனில் அவள் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டாள். கணக்கு ஆசிரியர்களுக்கு அலுத்துப்போன தவறு. அக்டோபரில் அதே கணக்கு மறுபடி வருகிறது. இந்த முறையும் முதலில் ஐந்தில் இரண்டுதான். ஆனால் பேனாவை மூடவில்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுப் பாதியை நிழலிடுகிறாள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பாதிக்கு மேலே போக வேண்டும், ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவாயிற்றே என்று அவளுக்கே உறைக்கிறது. எழுதியதை அடிக்கிறாள். ஆறில் ஐந்து என்ற விடைக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஜூனில் பூஜ்யம், அக்டோபரிலும் பூஜ்யம். தான் எழுதிய விடையைத் தானே சந்தேகப்படுவது கணக்குப் படிப்பில் எவ்வளவு பெரிய வாசல் என்பது கணக்கு தெரிந்த யாருக்கும் தெரியும். அந்த வாசலைத் தாண்டியவளுக்கும் தாண்டாதவளுக்கும் விடைத்தாளில் ஒரே எண்.

தமிழ்ப் பாடத்தில் இன்னும் வேடிக்கை. விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னால் நம் வகுப்புகளில் எல்லாருக்கும் எப்போதும் காய்ச்சல்தான். அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் காய்ச்சல், ஊரில் கொடை என்றாலும் காய்ச்சல். நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பிழையில்லாமல் பார்த்தெழுதும் பிள்ளைக்கு ஐந்துக்கு நாலரை. ஒரு நாள் ஒரு பையன், கரும்பு வெட்டுக்கு அப்பாவும் அம்மாவும் வெளியூர் போவதால் தங்கச்சியைப் பாட்டி வீட்டில் விட்டு வர இரண்டு நாள் வேண்டும் என்று தன் காரணத்தைத் தன் சொற்களில் எழுதுகிறான். றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒற்று ஒன்றுகூட இல்லை. ஐந்துக்கு இரண்டு. அடுத்த முறை அவனும் காய்ச்சலுக்குத் திரும்பிவிடுவான். பிழையைத் திருத்தக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் தடவையாக ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைத் தாளில் எழுதியிருக்கிறான் என்பதும் அந்தத் தாளில் எங்காவது குறிக்கப்பட வேண்டும் என்கிறோம்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளை புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்றே சொல்கிறது. அதற்கு முன்பே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் போன செயல்வழிக் கற்றல் இருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியிலிருந்து வந்த யோசனை. பாடங்களை அடுக்கிய ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரியும். தன் அட்டையைத் தானே எடுக்கும். சுவரின் கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்கென ஒரு பகுதி. வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல். பக்கத்துப் பிள்ளை எந்தப் படியில் இருந்தாலும் கவலையில்லை, நேற்று நின்ற படியிலிருந்து இன்று நகர்ந்தோமா என்பதே கணக்கு. குறைகள் பல இருந்தன. அட்டை கிழிந்தால் மாற்று வராது. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பைப் பார்த்தார். பதிவேடு நிரப்புவதே பாதி வேலையாயிற்று. ஆனால் அது தளர்ந்ததற்கு நாமும், அதாவது பெற்றோரும், ஒரு காரணம். “அங்க விளையாட்டுதான் நடக்குது, பாடம் எங்க நடக்குது?” என்று கேட்டுவிட்டு, வீட்டுப்பாடமும் ரேங்க் கார்டும் தரும் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றியவர்கள் நாம்தான்.

2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. எஃப்.ஏ. எனப்படும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில்தான் பிள்ளையின் வளர்ச்சி பதிவாகும் என்று எதிர்பார்த்தோம். என்ன ஆயிற்று என்பது ஆசிரியர் அறையில் டீ குடித்த எவருக்கும் தெரியும். பள்ளிக்கு எதிர்ப்புறமுள்ள ஸ்டேஷனரி கடையில் அச்சடித்த படம் வாங்கிச் சார்ட்டில் ஒட்டினால் செயல்திட்டம் முடிந்தது. எஃப்.ஏ. மதிப்பெண் போட வேண்டிய கடைசி நாளில் முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று பேனா தானாக ஓடியது. ஆசிரியர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது உண்மையும் அல்ல. அந்த நாற்பதைப் பார்க்கப்போகிறவர் யார்? வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்குத் தேவை நிரம்பிய கட்டங்கள். பெற்றோர் கேட்கவில்லை, பிள்ளைக்குக் காட்டப்படவில்லை. மேலே அனுப்புவதற்காக மட்டும் எழுதப்படும் எதுவும் கொஞ்ச நாளில் மேலே இருப்பவருக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டைவிட இவ்வளவு முன்னேறியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நிலையைப் பார்க்காதே, முன்னேற்றத்தைப் பார் என்பதுதான் அங்கும் பேச்சு. ஏழைப் பிள்ளைகள் படித்த நடுநிலைப் பள்ளிகள்கூட வியக்கத்தக்க ஏற்றம் காட்டின. கல்விக் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்று விருது பெற்றார். 2011இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் விடைத்தாள் மோசடி நடந்திருப்பதையும் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் அதில் சம்பந்தப்பட்டிருப்பதையும் வெளிக்கொண்டுவந்தது. பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்கள் அழித்துத் திருத்தியிருந்தார்கள். வளர்ச்சியையும் ஓர் எண்ணாக்கி மேலே கேட்டால், வளர்ச்சியும் தயாரித்துத் தரப்படும். மதிப்பெண்ணுக்குப் பதில் வளர்ச்சி என்று உற்சாகமாகப் பேசுகிற நம் நண்பர்கள் அட்லாண்டாவை மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதை இந்த இதழ் எப்போதும் ஆதரிக்கும். 2019 செப்டம்பரில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும், எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டதும் நினைவிருக்கும். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் அந்த வகுப்புகளில் நிறுத்தி வைக்க விதி திருத்தியபோது தமிழ்நாடு மறுத்தது, சரியாகவே மறுத்தது. பதின்மூன்று வயதில் தோற்றவன் என்ற பெயரோடு வீட்டில் உட்காரும் பையன் பனியன் கம்பெனிக்குப் போவான். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவார்கள். ஆனால் எல்லோரும் தேர்ச்சி என்ற நிழலில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளி வாசலில் போய் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் போய் உன் வளர்ச்சியை மதிக்கிறோம் என்றால் அது கேலி. 2025இல் தமிழ்நாட்டில் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு வந்த ‘திறன்’ திட்டம், பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் உண்மையில் எதை வாசிக்க முடிகிறது, எந்தக் கணக்கைப் போட முடிகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது. வரவேற்கிறோம். ஒரு பயமும் உண்டு. ‘திறன் பிள்ளைகள்’ என்று வகுப்பில் ஒரு சாதி உருவாகிவிட்டால் போயிற்று எல்லாம்.

அப்படியானால் யார் பார்ப்பது, யாருக்குச் சொல்வது? சட்டம் ஏற்கெனவே ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இன்று அந்தக் கூட்டங்களில் கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி பேசப்படுகின்றன. பேசத்தான் வேண்டும். கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பெற்றோர் கையிலும் அவரவர் பிள்ளையின் ஜூன் மாத நோட்டையும் பிப்ரவரி நோட்டையும் கொடுங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். திக்காமல் வாசிக்கிறாளா என்று கேட்கக் காது போதும். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லட்டும்: முன்பு எது முடியவில்லை, இப்போது எது முடிகிறது, எது இன்னும் முடியவில்லை. மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் முதல் இரண்டும் முகஸ்துதி ஆகிவிடும். பருவம் மாறினால் ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளை, நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே நின்றால்கூட அதைச் சாதனையாகச் சொல்லும் விவரம் அந்த ஆசிரியருக்கு மட்டுமே இருக்கும். ஒரு நிபந்தனை: இதை எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தில் ஏற்றச் சொல்லி எந்த அலுவலகமும் கேட்கக் கூடாது. கேட்ட மறுநாளே முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு தொடங்கிவிடும்.

இதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி என்று பிரிவுக்கு ஒருவராவது என்கிறது அதே சட்டம். ஒரே பட்டதாரி ஆசிரியர் கணக்கையும் அறிவியலையும் மூன்று வகுப்புக்கும் நடத்திக்கொண்டு, நடுவில் இலவசச் சீருடைக் கணக்கையும் எழுதிக்கொண்டிருக்கும் பள்ளியில், நோட்டின் ஓரத்தில் போட்ட கட்டத்தை யார் கவனிப்பது? அந்தப் பணியிடத்தை நிரப்பாமல் வளர்ச்சி பற்றிச் சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் தாளை மிச்சப்படுத்தலாம்.

அடுத்த இதழிலிருந்து கடைசி இரண்டு பக்கங்களை இதற்கென ஒதுக்குகிறோம். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரே பிள்ளையின் இரண்டு நோட்டுப் பக்கங்களை, தேதியோடும் பிள்ளையின் சம்மதத்தோடும், படமெடுத்து அனுப்பலாம். நடுவே என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதினால் போதும். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அடித்தல் திருத்தல்களைச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டாம்.