எசன் நகரில் ஒரு கிழக்குச் சுவடு



பழைமையான ஓர்த்தடொக்ஸ் பேராலயம் பார்க்க வேண்டுமென்றால் கிரேக்கத்துக்கோ துருக்கிக்கோதான் போகவேண்டும் என்று நினைப்போம். அந்தக் கிழக்குச் சபையின் கட்டடக்கலை கொஞ்சம் நம் எசனிலேயே இருக்கிறது. பிரதான ரயில் நிலையத்திலிருந்து கெட்விகர் தெருவால் நடந்தால் வரும் மூன்ஸ்டர் ஆலயத்தில்தான். (மூன்ஸ்டர் நகரத்துக்கு ரயில் ஏறிவிடாதீர்கள்!) 1958 முதல் அது கத்தோலிக்க ஆயரின் பேராலயம்.

உள்ளே போனதும் நேரே பீடத்துக்கு நடக்காமல் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மடிந்து மடிந்து நிற்கும் சுவர், பெரிய வளைவுகள், அவற்றுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குத் தூண்கள். ஆகன் நகரில் பேரரசர் கார்ல் 800ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய எண்கோண ஆலயத்தைப் பார்த்துச் செய்த வேலை இது. ஆகனுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது, இத்தாலியின் ரவென்னாவில் கொன்ஸ்தந்தினோப்பிள் பேரரசரின் ஆட்சிக்காலத்தில், 547இல், பிரதிஷ்டை செய்யப்பட்ட சான் வித்தாலே ஆலயம். அதுவும் எண்கோணமே.

கல்லில் மட்டுமல்ல, இரத்தத்திலும் தொடர்புண்டு. 972இல் பேரரசர் இரண்டாம் ஒட்டோவை மணந்து வந்த கிழக்கு இளவரசி தெயோபானு. அவருடைய பேத்தியும் அதே பெயருடையவர். எசன் மடத்தின் தலைவி. அவர் காலத்தில், 1051இல், இங்குள்ள நிலவறை ஆலயம் பிரதிஷ்டையானது. ரோமும் கொன்ஸ்தந்தினோப்பிளும் பிரிந்ததாகக் குறிக்கப்படும் ஆண்டு 1054. நம் சீர்திருத்தம் இந்நகருக்கு வந்தது 1563இல்.

"சிலை இருக்கிற கோயிலுக்கு ஏன் போகிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே சுமார் 980இல் செய்த, 74 சென்டிமீட்டர் உயரமான மரியாள் சிலை இருக்கிறது, மரத்தின்மேல் பொற்தகடு. கிழக்குச் சபைகள்கூட வழிபாட்டுக்கு இப்படிச் சிலை வைப்பதில்லை, ஐக்கன் ஓவியங்களே வைப்பார்கள். நாம் இரண்டையும் வணங்குவதில்லை. அதற்காக, பிரிவினைக்கு முன்பே விசுவாசிகள் கூடி ஜெபித்த ஓர் இடத்தை நாம் பார்க்காமலே விடவேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மேற்குப் பக்கத்திலேயே ஏழு கிளையுள்ள வெண்கலக் குத்துவிளக்கும் நிற்கிறது. ஏறத்தாழ ஆயிரம் வயது, 2.26 மீட்டர் உயரம். மடத்தலைவி மத்தில்டே இதைச் செய்வித்துக் கிறிஸ்துவுக்கு அர்ப்பணித்ததாக அதிலேயே லத்தீனில் பொறித்திருக்கிறது. யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துவிட்டுப் போங்கள்; கிளைகளையும் மொக்குகளையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.