ஏஐ பயமா? முதல்ல உங்க இஎம்ஐ-யைப் பாருங்க



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில என் பழைய கிளையன்ட் ஒருத்தர் போன் பண்ணினார். பெருங்குடியில ஒரு ஐடி கம்பெனியில டெஸ்டிங் டீம் லீடா இருந்தவர். நலம் விசாரிச்சு முடிச்சதும் நேரா விஷயத்துக்கு வந்துட்டார்.

"சார், 2021-ல நீங்கதானே சொன்னீங்க, லோன் கொஞ்சம் பெருசா எடுத்தாலும் பரவாயில்ல, சம்பளம் ஏறும்போது இஎம்ஐ சின்னதாத் தெரியும்னு?"

ஆமா, நான்தான் சொன்னேன். அப்போ ஐடி-யில ஆள் கிடைக்காம கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று ஆளை இழுத்துக்கொண்டிருந்த நேரம். ரெப்போ ரேட் 4 சதவீதம். அவரும் அவர் மனைவியும் ஐடி. 60 லட்சம் லோன், 7 சதவீத வட்டி, 20 வருஷம், இஎம்ஐ சுமார் 46,500. கணக்கு அழகா வந்தது. 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 6.5 சதவீதம் ஆனது. அவர் இஎம்ஐ 55,000 ஆச்சு. அதையும் சமாளிச்சார். அடுத்த வருஷக் கடைசியில அவர் டீம்ல ஒன்பது பேர் நாலு பேர் ஆனாங்க. வெளியே போன அஞ்சு பேர்ல இவரும் ஒருத்தர்.

கம்பெனி 'மறுசீரமைப்பு'ன்னு சொன்னது. இவர் ஏஐ-ன்னு சொல்றார். எது சரின்னு எனக்குத் தெரியாது. இஎம்ஐ-க்கு அந்தக் காரணம் தேவையும் இல்லை, மாசம் 5-ம் தேதி அது வந்து நிற்கும்.

அடுத்த எட்டு மாசம் எப்படிப் போச்சுன்னு பாருங்க. இஎம்ஐ 55,000, வீட்டுச் செலவு 35,000, கார் லோன் 12,000, ஊர்ல அப்பா அம்மாவுக்கு 8,000. மொத்தம் 1,10,000. மனைவி கைக்கு வர்றது 60,000. மாசம் 50,000 பள்ளம். கம்பெனி கொடுத்த தொகை வரி போக ஒன்றரை லட்சம், பேங்க்ல அவசரத்துக்குன்னு இருந்தது ஒரு லட்சம். அஞ்சாவது மாசம் ரெண்டும் காலி. ஆறாவது மாசம் மனைவி நகை அடகுக்குப் போச்சு. எட்டாவது மாசம் பழைய சம்பளத்தைவிட 15 சதவீதம் குறைவா வேலை கிடைச்சது.

அவர் என்னைத் திட்டுறதுக்காகக் கூப்பிடலை. அவர் தம்பிக்கு 27 வயசு, அவரும் புரோகிராமர். அடுத்த தை மாசம் கல்யாணம், பொண்ணும் ஐடி. 65 லட்சம் லோன் எடுக்கப் போறாராம். "அவனுக்கு என்ன சார் சொல்லட்டும்?"

அந்தத் தம்பிக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுறேன்.

முதல்ல, பயம் நியாயமானதா?

நான் புரோகிராமர் இல்லை. ஆனா கண்ணுக்குத் தெரியுற சில விஷயங்கள் இருக்கு. 2021-ல கிட்ஹப் கோபைலட் சோதனைக்கு வந்தப்போ அது பாதி வரி எழுதினா மீதியை நிரப்பித் தரும் ஒரு கருவி. 2024 அக்டோபர்ல சுந்தர் பிச்சை, கூகுளில் புதிதாக எழுதப்படும் கோடில் கால்வாசிக்கு மேல் ஏஐ உருவாக்குகிறது, அதைப் பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்கிறார்கள் என்று சொன்னார். மூணே வருஷத்துல இவ்வளவு தூரம்.

மறுபக்கமும் இருக்கு. மெட்ர் என்கிற ஆய்வு அமைப்பு 2025-ல அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஏஐ-யால் 20 சதவீதம் வேகமா முடிச்சோம்னு அவங்க நம்பினாங்க. கடிகாரம் வைத்துப் பார்த்தா 19 சதவீதம் அதிக நேரம் ஆகியிருந்தது. அதே வருஷம் ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, காரணம் ஏஐ இல்லை, திறன் பொருத்தமின்மை என்றுதான் அதன் தலைமைச் செயல் அதிகாரி சொன்னார். இன்னொண்ணு: பெரிய ஐடி சேவை கம்பெனிகளில் ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேல் மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. அதுக்கு ஏஐ காரணம் இல்லை.

ஆக, எல்லார் வேலையும் போயிடும்னு சொல்றவர்களும், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவர்களும் கைவசம் இருக்கிற தகவலைவிட அதிகமா நம்புறாங்க.

"ஏஐ உங்க வேலையை எடுக்காது, ஏஐ தெரிஞ்ச இன்னொருத்தர்தான் எடுப்பார்"னு எல்லா மேடையிலும் சொல்றாங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா ஒன்பது பேர் வேலையை நாலு பேர் முடிக்க முடியும்னா, ஒன்பது பேருமே ஏஐ கத்துக்கிட்டாலும் நாற்காலி நாலுதான். கத்துக்கிறது வரிசையில உங்களை முன்னாடி நிறுத்தும், அவ்வளவுதான். அதனால கண்டிப்பா கத்துக்கோங்க, ஆனா அதையே காப்பீடுன்னு நினைக்காதீங்க.

எங்க தொழில்ல நடந்தது

நான் 2010-ல ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தப்போ எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தார். கையால பேரேடு எழுதிப் பழகியவர். டேலி வந்தப்போ அந்த ஆபீஸ்ல கணக்கு எழுதினவங்க நாலு பேர், நான் சேர்ந்தப்போ ரெண்டு பேர், இப்போ ஒருத்தர். ஆனா ஆடிட்டர்களுக்கு வேலை குறையலை. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் லைட் எரிஞ்சது. கணக்கு எழுதுறது மலிவாச்சு. அந்தக் கணக்கு சரின்னு கையெழுத்துப் போட்டு நாளைக்கு அதுக்குப் பதில் சொல்றது மலிவாகலை.

கோடிங்கிலும் இப்படி நடக்கலாம். சாஃப்ட்வேர் மலிவானா இன்னும் நிறைய பேர் சாஃப்ட்வேர் கேட்பாங்க, வேலை கூடலாம். ஆனா டேலி கதையில நாம பேசாம விடுற பகுதி அந்த மூணு பேர்தான். தொழில் பிழைச்சது, அவங்க பிழைப்பு மாறிப்போச்சு. ஒருத்தர் மளிகைக் கடை வெச்சார், ஒருத்தர் ஊருக்குப் போனார், இன்னொருத்தர் எங்கேன்னே தெரியலை. "தொழில்நுட்பம் எப்பவும் புது வேலையைக் கொடுக்கும்"னு சொல்றது பத்து வருஷக் கணக்குல உண்மையா இருக்கலாம். உங்க இஎம்ஐ மாசக் கணக்கு.

உண்மையான ஆபத்து உங்க ஒரே கூடை

ஒரு பேப்பர் எடுங்க. உங்களுக்குப் பணம் வர்ற வழி, பணம் நிக்கிற இடம் எல்லாத்தையும் எழுதுங்க. என்கிட்ட வர்ற பல ஐடி குடும்பங்களோட பேப்பர் இப்படி இருக்கும்: கணவர் சம்பளம் ஐடி. மனைவி சம்பளம் ஐடி. கம்பெனி கொடுத்த ஷேர், அதே ஐடி. ஓஎம்ஆர்-ல வாங்கி வாடகைக்கு விட்ட ஃபிளாட், குடியிருக்கிறவரும் ஐடி. போன வருஷம் நண்பர் சொல்லி ஆரம்பிச்ச எஸ்ஐபி, ஐடி செக்டர் ஃபண்ட்.

அஞ்சு வருமானம்னு நினைக்கிறீங்க. உண்மையில ஒரே வருமானம்தான். ஐடி-க்கு ஜலதோஷம் வந்தா அஞ்சும் ஒண்ணா தும்மும். ஏஐ-யை உங்களால நிறுத்த முடியாது. இந்தப் பேப்பரை மாத்த முடியும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்.

ஒண்ணு, இஎம்ஐ. அவர் கைக்கு 90,000, கட்டிக்கப் போற பொண்ணுக்கு 65,000. 65 லட்சத்துக்கு 8 சதவீதத்துல 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 54,400. ரெண்டு சம்பளத்தையும் கூட்டினா 35 சதவீதம், பேங்க் சந்தோஷமாக் கொடுக்கும். தம்பி வேலை போனா அதே இஎம்ஐ அந்தப் பொண்ணு சம்பளத்துல 84 சதவீதம். ரெண்டு பேரும் ஒரே துறைன்னா, இஎம்ஐ ரெண்டு சம்பளத்துல சின்னதோட பாதிக்குள்ள இருக்கணும். அப்படிப் பார்த்தா 35 லட்சம் தாங்கும், இஎம்ஐ சுமார் 29,300. அதுக்கு வீடு கிடைக்கலைன்னா ரெண்டு வருஷம் வாடகையில இருந்து முன்பணத்தைச் சேருங்க. இருபது வருஷமும் சம்பளம் ஏறிக்கிட்டே இருக்கும்ங்கிற நம்பிக்கையில இனிமே நான் யாருக்கும் லோன் கணக்குப் போட மாட்டேன்.

ரெண்டு, அவசர நிதி. ஆறு மாசச் செலவுன்னு நாங்களே சொல்லிட்டு இருந்தோம். புரோகிராமர்னா இப்போ ஒன்பதுல இருந்து பன்னிரண்டு மாசம். எஃப்டி, லிக்விட் ஃபண்ட் போதும். இந்தப் பணம் வளரலையேன்னு வருத்தப்படாதீங்க. கிடைச்ச முதல் வேலையை, பாதி சம்பளத்துக்கு, பயத்துல ஒத்துக்காம இருக்கிற சக்திக்கு நீங்க கட்டுற விலை அது.

மூணு, சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ். கம்பெனி பாலிசி பொதுவா வேலையோட முடிஞ்சுடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா புது பாலிசியில அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்தக் காலம் நீங்க வேலையில இருக்கும்போதே ஓடட்டும்.

நாலு, கம்பெனி ஷேர் கைக்கு வந்ததும் பெரும்பகுதியை வித்து வேற இடத்துல போடுங்க. சம்பளமும் சேமிப்பும் ஒரே முதலாளிகிட்ட இருக்க வேண்டாம்.

அஞ்சு, வேலை போனா பிஎஃப்-ல கை வைக்கிறது கடைசி வழியா இருக்கட்டும். அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா பொதுவா வரி உண்டு. பழைய கம்பெனி பிஎஃப்-ஐ மாத்தியிருந்தா அந்த வருஷங்களும் கணக்குல சேரும், அதனால இப்பவே மாத்துங்க. வெளியே அனுப்பும்போது கம்பெனி தர்ற தொகைக்கும் பெரும்பாலும் சம்பளம் மாதிரியே வரி போகும். மொத்தத் தொகையைப் பார்த்துத் திட்டம் போடாதீங்க.

கடைசியா, பயத்தை விக்கிறவங்க. "ஆறு மாசத்துல ஏஐ இன்ஜினியர்"னு லட்சக்கணக்குல ஃபீஸ், அதுக்கும் ஒரு இஎம்ஐ. வேலை போயிடும்னு பயந்து புதுக் கடன் வாங்குறதுல என்ன நியாயம் இருக்கு? உங்க ஆபீஸ்ல இருக்கிற கருவியை உங்க வேலையிலயே தினமும் ஒரு மணி நேரம் பயன்படுத்துங்க. அது எழுதிக் கொடுக்கிற கோடில் எங்கே தப்பு வருதுன்னு கண்டுபிடிக்கிற ஆளா மாறுங்க. அதுக்கு ஃபீஸ் இல்லை.

"இப்படியே பயந்தா எப்ப சார் வாழுறது?"ன்னு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வீடே வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. அண்ணன் நகையை அடகு வெச்சுட்டு வந்த ராத்திரி தூங்கலை, நீங்க தூங்கணும்னுதான் சொன்னேன். ஒருவேளை ஏஐ ஒண்ணுமே பண்ணாம, உங்க சம்பளம் வருஷாவருஷம் ஏறினா உங்களுக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் சின்ன வீடு, முன்னாடியே முடியுற லோன். நான் சொன்னது தப்பாப் போனாலும் விலை அவ்வளவுதான். 2021-ல நான் சொன்னது தப்பானதுக்கு அவங்க அண்ணி கொடுத்த விலை வேற.

தம்பி இன்னும் முடிவு பண்ணலை. பில்டர் ஆஃபர் இந்த மாசக் கடைசி வரைக்கும்தானாம். பில்டர் ஆஃபர் அடுத்த மாசமும் வரும்னு சொல்லியிருக்கேன்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி அந்தப் பேப்பரை எடுத்து எழுதுங்க. தனியா வேண்டாம், வீட்டுல இருக்கிறவங்களையும் பக்கத்துல உட்கார வெச்சு எழுதுங்க.